ஹபீப் ரஹ்மானின் அரசுக் கட்டடங்கள்: ஒரு மதிப்பீடு

ஹபீப் ரஹ்மான் (1915–1995) விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் அரசுக் கட்டடங்களுக்கு நவீன வடிவம் தந்த முன்னோடிகளுள் ஒருவர். கொல்கத்தாவில் பிறந்தார். பொறியியல் படித்தபின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி. என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் குரோம்பேட்டைக் கல்லூரி அல்ல) கட்டடக் கலை பயின்றார். ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளியை நிறுவிய வால்டர் குரோப்பியசிடம் சிறிது காலம் பணியாற்றினார். 1946இல் நாடு திரும்பினார். தமிழ் வாசகர்களுக்கு அவரைவிட அவர் மனைவி, சென்னையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர் இந்திராணி ரஹ்மான், கூடுதலாக அறிமுகமாகியிருக்கலாம்.

ரஹ்மான் அரசு ஊழியர். அவரை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. தனக்குப் பிடித்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி அவருக்கு இல்லை. மேற்கு வங்க அரசில் இருந்தபோது பாரக்பூரில் கங்கைக் கரையில் காந்தி நினைவிடம் அமைத்தார். 1949இல் நேரு அதைத் திறந்து வைத்தார். கோயில் சிகரம், இஸ்லாமியக் குவிமாடம், சிலுவை ஆகிய மூன்றின் சாயலும் சிமெண்ட் கான்கிரீட்டில் ஒன்றாக நிற்கும் சிறிய கட்டடம் அது. கருத்து வெளிப்படையாகத் தெரிகிறது. கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது என்பது என் எண்ணம். ஆனால் நேருவுக்குப் பிடித்துவிட்டது. அடுத்து, கொல்கத்தாவில் எஃகுச் சட்டகத்தில் எழுந்த பல மாடிப் புதிய தலைமைச் செயலகம் அவர் பெயரை நிலைநாட்டியது. 1953இல் டெல்லிக்கு, மத்தியப் பொதுப்பணித் துறைக்கு வந்தார். அத்துறையின் தலைமைக் கட்டடக் கலைஞராக 1974இல் ஓய்வு பெற்றார்.

அவரைப் பற்றி எழுதுவோர் தவறாமல் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தாகூர் நூற்றாண்டை ஒட்டி, சாகித்திய அகாதெமி, சங்கீத நாடக அகாதெமி, லலித் கலா அகாதெமி மூன்றுக்கும் பொதுவாக ரவீந்திர பவன் கட்டத் திட்டமிட்டார்கள். ரஹ்மான் தந்த முதல் வரைபடத்தை, இது இன்னோர் அலுவலகம் போலிருக்கிறது, இதில் தாகூர் எங்கே என்று சொல்லி நேரு திருப்பி அனுப்பினார். ரஹ்மான் டெல்லியின் பழைய கல்லறை மண்டபங்களைப் பார்த்துவிட்டு வந்து, அகன்று நீளும் இறவாரமும் ஜாலியும் கரடுமுரடான கல் சுவரும் கொண்ட புதிய வடிவத்தை வரைந்தார். 1961இல் அது கட்டி முடிந்தது. நம் எழுத்தாளர்களுக்கு ஆண்டுதோறும் விருது அறிவிக்கும் அகாதெமி இன்றும் அங்கேதான் இயங்குகிறது.

இந்தக் கதையை ஒரு மனமாற்றம் போலச் சொல்வதுதான் எனக்கு உடன்பாடாக இல்லை. மேல்நாட்டுப் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தவர் நேருவால் இந்தியராக மாறினார் என்பதுபோல் அது ஒலிக்கிறது. அப்படி ஒலித்தால் அவருடைய சாதாரண அலுவலகக் கட்டடங்கள் எல்லாம் பிழைகளாகிவிடும். அவை பிழைகள் அல்ல. புதிய நாட்டில் பணம் குறைவு, சிமெண்டும் எஃகும் தட்டுப்பாடு, இட நெருக்கடியோ பெரிது. அந்த நிலையில் குறைந்த செலவில், காற்றும் வெளிச்சமும் வரும்படி, ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு நீட்டி அவர் கட்டிய அலுவலகங்கள் குமாஸ்தாவையும் ஒரு மனிதராக நினைத்தவை. ரவீந்திர பவனின் நிழல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. முன்பே இருந்த சன்ஷேடுதான் அங்கே இறவாரமாக வளர்ந்தது. அவருடைய தலைசிறந்த கட்டடம் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் தாகூர் பெயருக்குக் கிடைத்த அந்த நேரமும் கவனமும் கணக்கு அலுவலகத்துக்கோ தபால் துறைக்கோ கிடைத்திருக்க முடியாது. குறை சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அவரைப் பின்பற்றிய பொதுப்பணித் துறைகள் பெட்டியை எடுத்துக்கொண்டன, நிழலைக் குறைத்துவிட்டன. ஒன்றரை அடி சன்ஷேடும் சாரல் அடிக்கும் வராந்தாவுமாக நிற்கும் அலுவலகங்கள் நம் மாவட்டங்களில் எத்தனை! இப்போது அந்த ஒன்றரை அடியும் போய்விட்டது. பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பக்கம் சாலையோர முகப்புகளைப் பாருங்கள்: மேற்கு வெயிலை நேரே வாங்கும் கண்ணாடிச் சுவர், அந்தச் சூட்டைத் தணிக்க உள்ளே ஏசி.

ரஹ்மானின் கல்லறை மண்டபங்களைத் தனியாகவே எழுத வேண்டும். மௌலானா ஆசாத், ஜாகிர் உசேன், பக்ருதீன் அலி அகமது மூவருக்கும் அவரே வடிவமைத்தார். ஜாமா மசூதி அருகே ஆசாத்துக்கு எழுப்பியது மெல்லிய கான்கிரீட் விதானம். பக்ருதீன் அலி அகமதுவுக்கு எழுப்பியதில் பளிங்குச் சட்டங்கள் மட்டுமே, அவற்றினூடே வானம் தெரியும். பாரக்பூரில் உரக்கச் சொன்னதை இங்கே அவர் அடங்கிய குரலில் சொல்கிறார். முப்பது ஆண்டு வளர்ச்சி இந்த இடைவெளியில் தெரிகிறது.

டெல்லியில் 1972இல் ராஜ் ரேவல் கட்டிய ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. 60 ஆண்டு ஆகாத கட்டடத்தை மரபுச் சின்னமாகக் கருத முடியாது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். மரபுக்கு வயது வரம்பு வைத்தால், அந்த வயதை எட்டுமுன் இடிப்பவருக்கே வசதி. ரஹ்மான் 1960களில் கட்டிய உலக சுகாதார நிறுவனக் கட்டடமும் 60ஐ எட்டாமலே போனது. ரவீந்திர பவன் 2021இல் அந்த வயதைக் கடந்துவிட்டது. இடிந்தவற்றைப் பார்க்க விரும்புவோருக்கு மதன் மஹட்டாவும் ரஹ்மானின் மகன் ராம் ரஹ்மானும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன.