தெருவே சாட்சி: பாமாவின் ‘சங்கதி’யில் குடும்ப வன்முறையும் சமூகத் துணையும்

முன்னுரை

பாமாவின் ‘சங்கதி’ 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘கருக்கு’ தன்வரலாறாக அமைய, ‘சங்கதி’ பல பெண்களின் வாழ்வை ஒரு பேச்சுத் தொடராகக் கோத்துத் தருகிறது. இந்நூலில் குடும்ப வன்முறை இடம்பெறும் பகுதிகள் பெரும்பாலும் இரு கோணங்களில் அணுகப்படுகின்றன. சாதி, வர்க்கம், பாலினம் என்னும் மும்முனை ஒடுக்குமுறையின் சான்றாகக் காண்பது ஒன்று. ஒடுக்கப்பட்ட பெண்ணின் எதிர்ப்புக் குரலாகக் கொண்டாடுவது மற்றொன்று. இரண்டும் பொருந்துவனவே. எனினும் அடிபடும் பெண்ணையும் அடிக்கும் கணவனையும் மட்டும் நோக்கும்போது, சுற்றி நின்று பார்க்கும் தெரு என்னும் மூன்றாம் தரப்பு விடுபட்டுவிடுகிறது. வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்குச் சமூகம் அளிக்கும் துணையைச் சாட்சி, தீர்ப்பு, புகலிடம் என மூன்றாகப் பகுத்து, அவை ‘சங்கதி’யில் எவ்வாறு அமைகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காணும் தெரு

‘சங்கதி’யில் அடியும் உதையும் சுவருக்குள் ஒளிந்து நிகழ்வதில்லை. தாயி கணவனிடம் அடிபடுவது ஊரறிந்த செய்தி. தடுக்க முயல்பவர்களிடம், அவள் தன் மனைவி என்பதையே அவன் மறுமொழியாக வைக்கிறான். அந்த ஒரு சொல்லின்முன் தெரு பின்வாங்குகிறது. உறவுமுறை உடைமையுரிமையாக மாறிவிட்டபின், அண்டை வீட்டாரின் தலையீடு எல்லை மீறலாகக் கருதப்படுகிறது.

ராக்கம்மா வேறு வழியைக் கைக்கொள்கிறாள். கணவன் அடிக்க வரும்போது தெருவே கேட்கும்படி வசைமொழிகளைக் கொட்டுகிறாள். தன் உடலையே அவமானக் கருவியாக்கி அவனைப் பின்வாங்கச் செய்கிறாள். அப்படிக் கத்தாவிட்டால் தன் உயிரே போயிருக்கும் என்பது அவள் கூறும் காரணம். இப்பகுதி எதிர்ப்பு மொழிக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை சுட்டப்படுகிறது. ஆனால் அவள் கூச்சல் கணவனை மட்டும் நோக்கியதன்று, தெருவையும் நோக்கியது. பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே அவளுக்குக் கேடயம். அந்தத் தெரு அவளுக்கு என்ன செய்கிறது? அவள் பேச்சின் கூச்சமின்மையைக் குறித்து முகஞ்சுளிக்கிறது. அடித்தவன் குற்றம் பின்னகர, அடிபட்டவளின் நாவே விசாரணைக்கு உள்ளாகிறது. ஆகவே இங்குச் சாட்சி உண்டு. அச்சாட்சி துணையாக மாறவில்லை.

தீர்ப்புக் கூறும் ஊர்

சாட்சி துணையாக மாறாமைக்கான காரணத்தை மரியம்மாவின் கதையில் காணலாம். நிலவுடைமையாளன் ஒருவன் தன்னை வன்புணர முயன்றபோது அவள் தப்பி ஓடுகிறாள். அவனோ முந்திக்கொண்டு, அவளை மாணிக்கத்தோடு இணைத்துப் பழி சுமத்துகிறான். ஊர்க்கூட்டம் கூடுகிறது. உண்மை அறிந்த பெண்கள் அங்கு இருக்கிறார்கள். அவர்கள் வாய்திறந்தால் அடக்கப்படுகிறார்கள். மரியம்மாவுக்கே கூடுதல் தண்டம் விதிக்கப்படுகிறது. பின்னர் அதே மாணிக்கத்துக்கு மனைவியாகி அவள் அடிபடுகிறாள். வயலில் தொடங்கிய சாதிய வன்முறை, ஊர்க்கூட்டத்தின் வழியாக, வீட்டு வன்முறையாக வந்து முடிகிறது. இதில் ஊர் நடுநின்ற பார்வையாளன் அன்று. வன்முறையைக் கைமாற்றிவிடும் கண்ணி.

திருச்சபையும் இவ்வாறே அமைகிறது. மணமுறிவுக்கு இடமளிக்காத சமயநெறியால், அடிபடும் கிறித்தவப் பெண்ணுக்கு விலகிச் செல்லும் வழியும் அடைபடுவதைக் கதைசொல்லி கசப்போடு எடுத்துரைக்கிறார். ஊர்க்கூட்டம், திருச்சபை ஆகிய இரண்டிலும் தீர்ப்புக் கூறும் இடத்தில் பெண் இல்லை.

செவிகொடுப்போரும் இல்லாத புகலிடமும்

இவற்றுக்கு மாற்றாக நூலில் பெண்களின் முறைசாராக் கூட்டுறவு ஒன்று இயங்குகிறது. பாட்டியின் கதைகள், வேலையிடப் பேச்சு, பாட்டு, கேலி ஆகியவற்றின் வழியே ஒருத்தியின் துயரம் பலரின் நினைவாகிறது. நூலின் வடிவமே இக்கூட்டுறவிலிருந்து பிறந்தது எனலாம். ஆயினும் இதன் எல்லையையும் மறைக்கலாகாது. மூத்த பெண்கள் கேட்கிறார்கள், அழுகிறார்கள், பொறுத்துப்போகவும் அறிவுறுத்துகிறார்கள். அன்றிரவு தங்க அவளுக்கு ஓரிடம் எவரும் தர இயலவில்லை. படித்து, வேலை தேடிக்கொண்ட கதைசொல்லியே தனித்து வாழ வாடகை வீடு தேடும்போது சாதியும் தனிமையும் குறுக்கே நிற்கின்றன. அவருக்கே இந்நிலை என்றால், தாயி வெளியேறி எங்குச் செல்வாள்?

வறுமையிலும் சாதிக் கொடுமையிலும் நசுங்கிய ஒரு சமூகத்திடம் இத்தகைய பொறுப்பை எதிர்பார்ப்பது நியாயமா என்னும் எதிர்வினா எழலாம். ஆண்கள் வெளியே பெறும் இழிவை வீட்டில் இறக்கிவைப்பதை நூலே காட்டுகிறது. காரணத்தை விளக்குவது குற்றத்தைப் பொறுப்பதாகாது என்பதையும் அதே நூல் காட்டுகிறது. மேலும், இத்தெருவில் வன்முறை கண்ணுக்குத் தெரிவதால் இங்கேதான் அது மிகுதி என்று முடிவுகட்டுவதும் பிழை. உயர்ந்த மதில்களுக்குள் நிகழ்வது தெருவுக்குக் கேட்பதில்லை, அவ்வளவே.

நூலுக்கு வெளியே

‘சங்கதி’ வெளிவந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி, வன்முறை நிகழ்ந்தது அல்லது நிகழக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் சாராது என அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. தெருவின் சாட்சியத்துக்குச் சட்டம் கொடுத்த மொழி இது. இல்லத்தில் தொடர்ந்து வாழும் உரிமையை 17ஆம் பிரிவும், தங்கும் இல்லங்களின் கடமையை 6ஆம் பிரிவும் வரையறுக்கின்றன.

ஆயினும் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே உதவி நாடியுள்ளனர். அவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டாரையே நாடியுள்ளனர். அந்த வீடு அவளைத் திருப்பி அனுப்பினால் சட்டத்தின் வாயிலை அவள் எட்டுவதே அரிதாகிறது.

தீர்ப்பிடத்தை மாற்ற முனைந்த முயற்சி ஒன்றும் தமிழகத்தில் உண்டு. புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு ஷரீபா கானம் முன்னெடுத்த முஸ்லிம் பெண்கள் ஜமாஅத், ஆண்கள் மட்டுமே அமர்ந்து பெண்ணின் வழக்கைப் பேசிய முறைக்கு எதிராக, பெண்களே முறையீட்டைக் கேட்டு ஆராயும் அவையாக உருவாயிற்று. மரியம்மாவின் ஊர்க்கூட்டத்தில் வாயடைக்கப்பட்ட பெண்கள் இங்கே அவையினராக அமர்கிறார்கள். சமயமும் சூழலும் வேறு. எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே.

முடிவுரை

‘சங்கதி’ சாட்சியைத் தருகிறது. தீர்ப்பின் திரிபை அம்பலப்படுத்துகிறது. புகலிடத்தின் வெறுமையைச் சுட்டுகிறது. ராக்கம்மாவின் நாவை வியப்பதோடு வாசிப்பை முடித்துக்கொள்வது, அவளைத் தனியே போராடவிட்டு நின்ற தெருவின் வரிசையில் நம்மையும் சேர்த்துவிடும். அவள் வீரம் பாராட்டத்தக்கது. அது தேவைப்பட்டதே சமூகத்தின் தோல்வி. இந்நூலை வகுப்பறையில் கற்பிப்போர், அவள் என்ன பேசினாள் என்பதோடு, கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்றும் வினவ வேண்டும். அவ்வினாவைக் கேட்கும் மாணவியரில் ஒருத்திக்கேனும் அது ஏட்டு வினாவாக மட்டும் இராது.