‘இறுதியாக’ என்றொரு சொல்

மன்னிப்பையும் ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம். யார் பேசுறாங்க, யாரைப் பார்த்துப் பேசுறாங்க, எழுதும்போது யாரை வெளியே நிறுத்தி வச்சாங்க என்று கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். ஜப்பான் கொரியாவிடம் கேட்ட மன்னிப்புகளை அப்படி வாசித்தபோது தோன்றியவை இவை.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. போர்க்காலத்தில் கொரியப் பெண்களை ஏமாற்றியும் மிரட்டியும் கொண்டுபோய் ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ‘ஆறுதல் பெண்கள்’ என்று பெயர். யாருக்கு ஆறுதல்? சிப்பாய் பக்கம் நின்று வைத்த பெயர் அது. அரசுக் காகிதங்களில் இன்றைக்கும் அதுதான் புழங்குகிறது.

1965-இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. 30 கோடி டாலர் மானியம், 20 கோடி டாலர் கடன். கோரிக்கைகளெல்லாம் ‘முழுமையாகவும் இறுதியாகவும்’ தீர்ந்தன என்று எழுதினார்கள். இந்தப் பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பார்க் சுங் ஹீயின் அரசு அந்தப் பணத்தில் உருக்காலை கட்டியது, நெடுஞ்சாலை போட்டது. பெண்கள் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவமானம் உனக்குத்தான் என்று ஊர் சொல்லி வைத்திருந்தது. ஆக, ‘இறுதி’ என்று எழுதிய நாளில் பேச்சு தொடங்கவே இல்லை.

அது தொடங்கியது 1991 ஆகஸ்ட் 14-இல். அதற்கு முந்தின வருஷம்தான் ஜப்பானிய அரசு, இதெல்லாம் தனியார் தரகர்கள் செய்த வேலை என்று நாடாளுமன்றத்தில் கைகழுவியிருந்தது. சியோலில் கிம் ஹாக் சுன் என்ற மூதாட்டி தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, எனக்கு நடந்தது இது என்று பேசினார். அதுக்கப்புறம் ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். கொரியாவில் மட்டுமல்ல, பிலிப்பைன்ஸிலும் மற்ற நாடுகளிலும். 1992 ஜனவரி 8 முதல் புதன்கிழமைதோறும் சியோலில் ஜப்பானியத் தூதரகத்தின் முன்னால் கூடி நின்றார்கள்.

1993 ஆகஸ்டில் கோனோ அறிக்கை வந்தது. ராணுவத்துக்குப் பங்கு உண்டு, பலர் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று ஒப்புக்கொண்டது. மற்ற அறிக்கைகளோடு வைத்துப் பார்த்தால் நேர்மையான பிரதி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனால் அது எழுதப்பட்ட விதம் 2014-இல் ஜப்பானிய அரசு வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது. சியோலில் 16 பெண்களிடம் அதிகாரிகள் வாக்குமூலம் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே அறிக்கையின் வரைவு தயாராகிவிட்டது. வாசகங்களை இரண்டு நாட்டு அதிகாரிகளும் பேசிப் பேசிச் செதுக்கியிருக்கிறார்கள். கோனோ அறிக்கையின் மதிப்பைக் குறைக்கத்தான் அபே அரசு இதை வெளியிட்டது என்று பலரும் சொன்னார்கள். நமக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. அந்தக் கிழவிகள் அழுதுகொண்டு பேசியது எதற்காக? சடங்குக்கா?

1997 டிசம்பரில் கிம் ஹாக் சுன் இறந்துபோனார். அவர் தொடுத்த வழக்கை ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2004-இல் தள்ளியது. 2015 ஆகஸ்ட் 14 அன்று, அதே தேதியில், வருங்காலத் தலைமுறைகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி ஆகிவிடக் கூடாது என்றார் பிரதமர் அபே. அந்த டிசம்பரில் 100 கோடி யென்னோடு புது உடன்பாடு. பிரச்சினை ‘இறுதியாகவும் மீளமுடியாதபடியும்’ தீர்ந்ததாம். ஐம்பது வருஷம் கழித்தும் அதே சொல்! உயிரோடிருந்தவர்களில் பலர் பணத்தை வாங்கினார்கள், சிலர் மறுத்தார்கள். வாங்கியவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. தூதரகத்தின் எதிரில் 2011-இல் வைத்த சிறுமி சிலையையும் அகற்ற வேண்டும் என்பது ஜப்பானின் விருப்பம். வெறுங்கால், தரையில் படாத குதிகால், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அவ்வளவுதான் அந்தச் சிலை. காசு கொடுத்தவனுக்கு அந்த நாற்காலிதான் உறுத்துகிறது.

‘ஜெர்மனியைப் பாருங்க, ஜப்பான் கத்துக்கணும்’ என்பார்கள். 1970-இல் வார்சாவில் வில்லி பிராண்ட் ஒரு வார்த்தை பேசாமல் மண்டியிட்டார், உண்மை. ஆனால் நாஜிகள் கொன்ற ரோமா, சின்தி மக்களுக்கு? 1943-க்கு முன்னால் அவர்களை நாடுகடத்தியது இனப்பகையால் அல்ல, அவர்களுடைய குணத்தால் என்று 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் எழுதியது. ‘குற்றப்பரம்பரை’ என்ற சொல்லைக் கேட்ட நமக்கு இந்த நியாயம் புதுசில்லை. 1980-இல் சின்தி சிலர் தாகாவ் வதைமுகாமில் உண்ணாவிரதம் இருந்தார்கள். நடந்தது இன அழிப்பு என்று 1982-இல்தான் அரசு ஒப்புக்கொண்டது.

நம்ம ஜனங்க கணக்கும் ஜப்பானிடம் ஒன்று உண்டு. 1942-43-இல் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டுபோய் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில் போட்டார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தமிழ்க் கூலிக்குப் பெயர் செதுக்கிய அப்படியொரு வரிசை கிடையாது. 1967-இல் ஜப்பான் மலேசியாவோடு கணக்கு முடித்தது. 294 கோடி யென், இரண்டு சரக்குக் கப்பல்களாக. லயத்தில் புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தவளுக்குக் கப்பல் எதுக்கு? அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலில்தான் அந்த ஜனங்களைத் தேட வேண்டியிருக்கிறது.