ஒட்டியும் எட்டியும்

தடை தாண்டும் ஷோ ஜம்பிங்கோ, நடையழகைக் காட்டும் ட்ரெஸாஜோ, எதைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் போய் நிற்பது லாயத்துப் பக்கம். சேணம் ஏற்றுவதற்கு முன் குதிரைக்காரர் குதிரையை நெருங்கும் அந்த நாலைந்து எட்டுகளிலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிடும். தேர்ந்த ஆள் நேர் முகத்துக்கு வரமாட்டார். வால்பக்கத்துப் பேச்சே வேண்டாம். இடது தோளைக் குறிவைத்துச் சாய்வாக வருவார். வரும்போதே தாழ்ந்த குரலில் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். கண் குதிரையின் காதுகள்மேல் இருக்கும். கை முதலில் படுவது தோளில், அதுவும் முழு உள்ளங்கையாக. மூக்கைத் தடவ ஆசையாகக் கை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு சுருங்கிவிடும். சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை பார்க்கிற பிராணிக்கு, நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு கை முளைத்தால் அது எப்படிப் பொறுத்துக்கொள்ளும்?

அந்தத் தோளோரத்து இடத்தைப் பற்றி ஸெனஃபனைப் போல யாரும் எழுதவில்லை என்பது என் கட்சி. பாரசீக மண்ணில் தலைவர்களை இழந்து தவித்த கிரேக்கப் படையைக் கடற்கரைவரை கொண்டுவந்து சேர்த்தவர்களில் ஒருவர் அவர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய குதிரையேற்ற நூல் மிகச் சிறியது, 12 அத்தியாயங்கள்தான். ட்ரெஸாஜ் ரசிகர்கள் அதன் 10, 11-ஆம் அத்தியாயங்களைக் கொண்டாடுவார்கள். குதிரை கழுத்தை வளைத்து, முன்னங்கால்களைத் தூக்கி, கர்வத்தோடு நடைபோடும் இடம் அது. அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் என் பிரதி 6-ஆம் அத்தியாயத்தில்தான் தானாகத் திறந்துகொள்கிறது. குதிரையைத் தேய்த்துவிடுகிறவன் எங்கே நிற்கவேண்டும் என்கிறார் அங்கே: முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம், பக்கவாட்டில், தோள்பட்டையை ஒட்டி, வால் இருக்கும் திசையைப் பார்த்தபடி. முன்னங்காலும் எட்டாது, பின்னங்காலும் எட்டாது. நடத்திப் போகும்போது கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்துப் போகாதே, முதுகுக்குப் பின்னால் குதிரை என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியாது என்கிறார். அங்கவடி என்ற ஒன்றே கிரேக்கர்களிடம் இல்லாத காலம் அது. ஆனால் இன்று எந்த லாயத்திலும் புதிதாகச் சேரும் பையனுக்கு இதையே சொல்லித்தரலாம், ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

அதே அத்தியாயத்தில் இன்னொன்று. மிரளும் குதிரையை அடிக்காதே என்கிறார். இரக்கத்துக்காக மட்டும் சொன்னதில்லை. மிரண்ட நேரத்தில் வலியும் சேர்ந்தால், தான் கண்டு பயந்த அந்தப் பொருள்தான் வலியையும் தந்தது என்று குதிரை முடிவுகட்டிவிடுமாம். அதனால் நீயே போய் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டு, பிறகு குதிரையை மெல்லக் கூட்டி வா. இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னால் இதைக் கண்டுபிடித்த மனிதரை நான் எப்படித் தலையில் வைத்து ஆடாமல் இருப்பேன்!

டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் வழிவந்த, குதிரையை அடக்காமல் பழக்கும் அமெரிக்கப் பாணியில் உயிரை விடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த இரண்டு பேர்மேலும் எனக்கும் மரியாதைதான். பின்னால் வந்தவர்கள் அதைக் கூட்டத்துக்கு முன்னால், வட்டப் பட்டிக்குள், அரைமணி நேர வித்தையாக ஆக்கியதுதான் பிடிக்கவில்லை. குதிரையின் நம்பிக்கையைக் கடிகாரம் பார்த்து வாங்க முடியாது. இத்தாலியர் காப்ரில்லியின் பக்கம் சாய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து லகானை இழுத்துக் குதிரையின் வாயைப் புண்ணாக்கிய பழக்கத்தை ஒழித்து, முன்னால் குனிந்து அதன் கழுத்துக்கு விடுதலை கொடுத்தவர் அவர். சவாரி செய்கிறவனுக்கும் அதுதான் பத்திரம். அப்படிப்பட்டவரே 1907 டிசம்பரில் டூரினில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வயது 39.

இதனால்தான் ட்ரெஸாஜில் ஹெல்மெட்டுக்குப் பதில் பழைய உயரத் தொப்பிக்காக இன்னமும் ஏங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடிய ட்ரெஸாஜ் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010-இல் ஒரு சாதாரணப் பயிற்சியின்போது குதிரை கால் இடறி விழுந்ததில் மண்டை உடைந்து வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. 2012-இல் லண்டனில் ஷார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடுதான் வலேக்ரோ என்ற குதிரைமேல் ஏறித் தங்கம் வாங்கினார். அந்த ஆட்டத்தில் அழகு எங்கே குறைந்தது? 2021 முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ட்ரெஸாஜிலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. இன்னும் சீக்கிரம் செய்திருக்கலாம்.

கிண்டி ரேஸ் கோர்ஸில் வயதான குதிரைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். பிடிகயிற்றை அவர் கையில் சுற்றி நான் பார்த்ததே இல்லை. மடித்து மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்வார். குதிரை பிய்த்துக்கொண்டு ஓடினால் மடிப்பு நழுவிப் போகும், சுற்றியிருந்தால் விரல் போய்விடும். வயிற்றுப்பட்டையை ஒரே மூச்சில் இறுக்கமாட்டார். சேணம் வைக்கும்போது குதிரை மூச்சை உப்பிக்கொள்ளும் என்பதால், கொஞ்சம் நடத்தி மறுபடி இறுக்குவார். ஆள் ஏறுவதற்கு முன் இன்னொரு தரம். பின்பக்கம் கடந்து போவதற்கு அவரிடம் ஒரே சட்டம்தான்: "ஒட்டிப் போ, இல்ல எட்டிப் போ." ஒட்டிப் போனால், பின்தொடையில் கை இருக்கும், உதைத்தாலும் கால் வீச இடம் கிடைக்காது. எட்டிப் போனால் கால் வந்து சேராது. இரண்டுக்கும் நடுவில், ஓர் ஆள் நீளத்தில் நின்றால்தான் உதையின் முழு பலமும் மேலே இறங்கும். ஸெனஃபன் கேட்டிருந்தால் எழுதி வைத்துக்கொண்டிருப்பார்.

கொடைக்கானல் ஏரிக்கரையிலும் ஊட்டியிலும் இப்போது பார்ப்பது வேறு. குதிரை பின்னால் வர, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையில் போனோடு முன்னால் நடக்கிறார்கள். மேலே ரப்பர் செருப்போடு ஒரு குழந்தை. குதியில்லாத செருப்பு அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துவிடும். விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளும், குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். குதிவைத்த ஷூ கொஞ்சமும் ஹெல்மெட் நாலைந்தும் வைத்து வாடகைக்குக் கொடுத்தால் அந்தத் தொழிலுக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்? அந்தக் குதிரைகளின் பொறுமையால்தான் பெரிய விபத்துகள் நடக்காமல் இருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பொறுமையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மதிப்பதாகவும் தெரியவில்லை.

கட்டுவதில் மட்டும் ஸெனஃபனோடு எனக்கு ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. குதிரையின் தலைக்கு மேலான உயரத்தில் கட்டச் சொல்கிறார். ஏதாவது உறுத்தினால் குதிரை தலையை மேலே வெட்டும், அப்போது கயிறு தளரும், அறுபடாது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். நான் அத்தோடு, இரும்பு வளையத்தில் ஒரு சணல் கண்ணியைக் கோத்து, கயிற்றை அதில் உருவு முடிச்சாகப் போடச் சொல்வேன். வால்முனையை இழுத்த உடனே முடிச்சு அவிழ வேண்டும். இழுக்க ஆள் இல்லாத நேரத்தில் குதிரை வெறித்துப் பின்வாங்கினால் சணல் அறுந்துகொள்ளட்டும். சணல் போனால் வேறு கட்டிக்கொள்ளலாம்.