புரூக்ஸின் மறுப்பு: மென்பொருள் நூலொன்றின் தன்திறனாய்வு

மென்பொருள் பொறியியலில் பெரிதும் எடுத்தாளப்படும் நூல்களுள் ஒன்று பிரெடரிக் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட 'தி மித்திக்கல் மேன்-மந்த்'. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்/360 இயங்குதள உருவாக்கத்திற்குத் தலைமையேற்ற பட்டறிவே இதன் அடித்தளம். காலந்தாழ்ந்த பணியில் ஆள்களைக் கூட்டினால் அது மேலும் தாழும் என்னும் கருத்தாலேயே இந்நூல் அறியப்படுகிறது. நூலைப் படியாதாரும் இதனை எடுத்துரைப்பர்.

இதனினும் கருதத்தக்கது நூலாசிரியர் பின்னர்க் கைவிட்ட கருத்தாகும். திட்ட ஆவணங்கள் அனைத்தும் பணியாளர் ஒவ்வொருவர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்பது முதற்பதிப்பின் நிலைப்பாடு. பணியாளர் தம் கூறொழிந்த பிறவற்றின் உள்ளமைப்பை அறியாதிருத்தலே நன்று என டேவிட் பார்னாஸ் 1970களின் தொடக்கத்தில் கூறியிருந்தார். வடிவமைப்பு என்ற வகையில் அதனை ஏற்ற புரூக்ஸ், அதனையே முற்றிலும் நம்பியிருத்தல் அழிவுக்கு வழி என்றார். (அவர்தம் குழுவின் பணியேடு ஏறத்தாழ 6 மாதங்களில் 5 அடித் தடிப்பை எட்டியதாக அந்நூலே கூறுவது ஈண்டு நோக்கத்தக்கது.) 1995ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, பார்னாஸ் கூற்றே சரி, தம் கூற்றுப் பிழை என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தம் புகழுக்குக் காரணமான நூலிலேயே இவ்வாறு எழுதத் துணிவு வேண்டும்.

எனினும் ஒரு குறை. பழைய இயல்கள் அவ்வாறே அச்சிடப்பெற, மறுப்பு இறுதியில் சேர்க்கப்பட்ட இயலில் இடம்பெறுகிறது. மூலத்தை மாற்றாது காத்தல் பதிப்பு நெறிக்கு உகந்ததே. ஆயின் முற்பகுதியோடு நிறுத்தும் மாணவர், கைவிடப்பட்ட கருத்தையே ஆசிரியர்தம் முடிபாகக் கொள்வர். மறுப்பு அவ்வவ் இயலின் அடியிலேயே சுட்டப்பெறுதல் தக்கது.