எள்ளலும் இகழ்ச்சியும்: அண்டை நாடுகளின் ஏசல்

ஆகஸ்டுத் திங்கள் பிறந்துவிட்டால் தென்கிழக்காசியாவின் அண்டை நாடுகள் மூன்று அடுத்தடுத்துக் கொடிக்கோலம் பூணுகின்றன. 9ஆம் நாள் சிங்கப்பூரின் தேசிய நாள்; 17ஆம் நாள் இந்தோனேசியாவின் விடுதலை நாள்; 31ஆம் நாள் மலேசியாவின் சுதந்திர நாள். அரசுகள் முறையாக வாழ்த்துரை பரிமாறிக்கொள்ள, மக்களோ வாழ்த்தோடு சிறிது சீண்டலையும் சேர்த்தே அனுப்புகின்றனர். எந்நாட்டு லக்சா சுவை மிக்கது, யார் நாணயம் வலியது, யார் யாரைப் பிரிந்து போனார் என்பன போன்ற வினாக்கள் உணவுக்கடை மேசைகளிலும் உறவினர் வீடுகளிலும் ஆண்டுதோறும் எழுகின்றன. இவற்றை வெறும் அரட்டை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், இத்தகைய பேச்சுக்குத் தமிழிலக்கியம் பெயரிட்டு இலக்கணமும் வகுத்துள்ளது. அவ்விலக்கணத்தைக் கொண்டு இன்றைய சீண்டலை மதிப்பிட்டால், எது நட்பின் மொழி, எது பகையின் வித்து என்பது தெளிவாகும்.

ஏசலின் இலக்கணம்

நகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் அந்நான்கனுள் எள்ளலே முதலில் நிற்கிறது. அவரே செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பகுத்து, வெளிப்படையாக வைவதைச் செம்பொருள் என்றும், மறைத்து மொழிவதைப் பழிகரப்பு என்றும் காட்டுகிறார். பழிகரப்பிற்குத் தமிழாசிரியர் வகுப்பறையில் காட்டும் சான்று புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதராகச் சென்ற ஒளவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு அதனைப் புகழ்வார்போல் பேசுகிறார். இங்குள்ள வேல்கள் நெய் பூசி, பீலி அணிந்து, மாலை சூட்டிப் பொலிகின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அவர் கூற்றின் கருத்து. அண்டை நாட்டு மன்னன் அவையில், அவன் மதிப்புக் கெடாமல், தன் நாட்டின் வலிமையை உணர்த்திய சொல் அது.

அரசவையின் இந்நுண்மை வயல்வரப்பிற்கு வந்தபோது பள்ளு இலக்கியத்தின் ஏசல் பிறந்தது. முக்கூடற்பள்ளில் பள்ளனின் மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடலைச் சேர்ந்தவள். இளையவள் மருதூரைச் சேர்ந்தவள். பொருநையாற்றின் இரு கரைகளும் அவர்கள் வாயில் இரு நாடுகளாகின்றன. ஒருத்தி ஆசூர் வடகரை நாட்டின் வளம் பாட, மற்றவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டின் வளம் பாடுகிறாள். பின்னர்ப் பூசல் முற்றி, ஒருத்தியின் திருமாலை மற்றவளும், மற்றவளின் சிவபெருமானை இவளும் ஏசுகின்றனர். முடிவில் இருவரும் இணங்குகின்றனர்.

இந்த ஏசலை ஊன்றி நோக்கின் மூன்று நெறிகள் புலனாகும். முதலாவது, ஏசுபவர் இருவரும் ஒரு குடும்பத்தவர். இரண்டாவது, எதிராளியின் தெய்வக் கதைகளை நன்கறிந்தவளே அவற்றைக் கொண்டு ஏச இயலும். ஆகவே ஏசலுக்கு அறிவு வேண்டும். மூன்றாவது, ஒருத்தி பாடினால் மற்றவளுக்கும் பாட இடமுண்டு. மறுமொழிக்கு வாய்ப்பில்லாத ஏசல் பள்ளில் இல்லை. இம்மூன்றும் அண்டை நாட்டுச் சீண்டலுக்கும் பொருந்தும்.

மூத்தாளும் இளையாளும்

மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரு குடும்பமாக வாழ்ந்த காலம் வரலாற்றில் உண்டு. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் அமைந்த மலேசியாவில் சிங்கப்பூரும் ஓர் உறுப்பாயிருந்தது. இரண்டாண்டு நிறைவதற்குள், 1965 ஆகஸ்டு 9ஆம் நாள், பிரிவினைக்கான திருத்தம் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பின்றி 126 வாக்குகளால் நிறைவேறியது. அன்று தொலைக்காட்சியில் லீ குவான் யூ கண்கலங்கியதை உலகம் கண்டது. மலேசியருக்கு ஒரு பிரிவின் நாளாக அமைந்ததே சிங்கப்பூரருக்குத் தேசியப் பெருநாள் ஆயிற்று.

பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவோ இதனினும் பழையது. பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். 1819இல் சிங்கப்பூரில் கால்வைத்த ராபிள்ஸ், 1805இல் பினாங்கிற்கு வந்து அரசுப் பணியாற்றியவர். 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக ஒன்றிணைந்தபோது பினாங்கே தலைநகர். 1832இல் அப்பெருமை சிங்கப்பூருக்குச் சென்றது. தீர்வையற்ற துறைமுகம் என்னும் நிலையையும் பினாங்கு 1969இல் இழந்தது. பள்ளின் மூத்தாளுக்கு இளையாள்மேல் உள்ள மனக்குறை எத்தகையது என்பதைப் பினாங்கு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வுறவிலிருந்து எழும் நகைமொழிகளுள் சில உயர்ந்தவை. செப்டம்பர் 16 மலேசியா நாள். 2010 முதல் நாடு முழுதும் பொது விடுமுறை. லீ குவான் யூ 1923இல் பிறந்ததும் அதே செப்டம்பர் 16ஆம் நாள்தான். ‘எங்கள் தலைவரின் பிறந்தநாளுக்கு விடுமுறை விட்டமைக்கு நன்றி’ என்று சிங்கப்பூரர் ஒருவர் கூறினால், ‘பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர் பாதியில் எழுந்து போனாரே’ என்று மலேசியர் விடையிறுக்கலாம். இருவர் வரலாற்றையும் இருவரும் அறிந்தாலன்றி இந்நகை விளங்காது. எவர் மதிப்பும் இதனால் குறைவதில்லை. ஒளவையின் வழிவந்த பழிகரப்பு இது.

சிங்கப்பூரின் நாட்டுப்பண் மலாய் மொழியில் அமைந்தது. மலேசியர் அதனைச் சுட்டி, ‘எங்கள் மொழியில் பாடித்தானே கொண்டாடுகிறீர்கள்’ என்பதுண்டு. அப்பண்ணை 1958இல் இயற்றிய சுபிர் சைட் சுமாத்திராவில் பிறந்தவர் என்பதை இந்தோனேசியர் நினைவூட்டினால் மலேசியரின் பெருமையும் சற்றே தணியும். மும்முனையாக நீளும் இவ்வேசலில் வெல்பவர் இல்லை. எல்லை பின்னர் வந்தது, பாட்டு முன்னரே இருந்தது என்னும் உண்மையே அதில் எஞ்சுகிறது.

உணவுப் பூசல்

ஏசலில் பெரிதும் அடிபடுவது உணவே. ‘ஹொக்கியன் மீ’ என்னும் ஒரே பெயர் பினாங்கில் காரமான இறால் சாற்றையும், கோலாலம்பூரில் கறுத்த சோயாக் குழம்பில் வறுத்ததையும், சிங்கப்பூரில் சாறு சுவற வறுத்த வெளிர்நிற உணவையும் குறிக்கும். உண்மையானது எது என்னும் வழக்கிற்கு முடிவே இல்லை. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் 2018ஆம் ஆண்டுத் தேசிய நாள் பேரணி உரையில், தம் நாட்டு உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலுக்கு முன்மொழியப்போவதாக அறிவித்தார். மலேசியாவில் சிலர் நகைத்தனர், சிலர் சினந்தனர். 2020 டிசம்பரில் அப்பட்டியலில் சிங்கப்பூருக்கு இடம் கிடைத்தது. 2024இல் மலேசியாவின் காலையுணவுப் பண்பாடும் அவ்வாறே ஏற்கப்பெற்றது.

இப்பூசலில் சினந்தவர்கள் ஏசலை உரிமை வழக்காக மாற்றிக்கொண்டவர்கள். நகைத்தவர்களோ பள்ளின் நெறியறிந்தவர்கள். ஜார்ஜ் டவுன் வீதிகளில் தமிழ் முஸ்லிம்கள் காவுதடியில் சுமந்து விற்ற சோறே நாசி கண்டார் ஆயிற்று. கடல் கடந்து வந்தோர் கைவண்ணத்தில் பிறந்த உணவு எல்லைக்கோட்டிற்குள் மட்டும் அடங்கும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. பூசலின் பின் இணக்கமும் வந்துள்ளது. பந்தூன் என்னும் மலாய்ச் செய்யுள் வடிவத்தை இந்தோனேசியாவும் மலேசியாவும் 2020இல் கூட்டாகவே யுனெஸ்கோ பட்டியலில் பதிவு செய்தன. ஒருவர் பாட மற்றவர் எதிர்பாடும் மரபு பந்தூனுக்கும் உண்டு. மலாய் இலக்கியத்தின் ஏசல் வடிவம் அது எனலாம். 2024இல் கெபாயா உடையை மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஒருங்கே பதிவு செய்தன.

எல்லை எது?

எனினும் எல்லாச் சீண்டலும் ஏசலாகிவிடாது. 2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கியபோது, நினைவு நூலொன்றில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகிவிட்டது. இந்தோனேசியர் தம் விடுதலை நாளைக் கொண்டாடி இரு நாளே ஆகியிருந்தது. மலேசிய அமைச்சர் மன்னிப்புக் கோரினார். அதனைச் சிரித்துக் கடந்துவிடுமாறு எவரும் கேட்டிருக்க முடியாது. கொடி, உயிர்நீத்தோர் நினைவு ஆகியன ஏசலுக்கு அப்பாற்பட்டவை.

நாணயச் சீண்டலும் ஆராயத்தக்கது. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று ஈடாக மாறின. 2020களில் ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு மூன்று ரிங்கிட்டைத் தாண்டியது. இதனைச் சொல்லிச் சிரிப்பவர், பொழுது விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் தொழிலாளியை எண்ணிப் பார்ப்பதில்லை. அவருக்கு இச்சிரிப்பிற்கு மறுமொழி கூற வழியில்லை. ஆகவே இங்கு ஏசலின் மூன்றாம் நெறி முறிகிறது. விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பம் தரும் என்று பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தது இத்தகைய இடத்தை நோக்கியே. எள்ளல் ஒத்தாரிடையே நிகழ்வது. இகழ்ச்சி மேலிருந்து கீழ்நோக்கி வீழ்வது.

தமிழர்தம் ஏசல்

தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இவ்வேசலை வேடிக்கை பார்த்து நிற்க இயலாது. இரு நாட்டிலும் உறவினரைக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. தண்ணீர்மலையில் தைப்பூசம் விடுமுறை நாளாகப் பொலிகிறது. சிங்கப்பூரிலோ தைப்பூசம் 1968 முதல் பொது விடுமுறையாக இல்லை. பினாங்குத் தமிழர் இதைச் சொல்லிச் சீண்டினால், சிங்கப்பூர் உறவினர் தம் சட்டைப்பையிலிருந்து நாணயத்தாளை எடுத்து அதிலுள்ள தமிழ் எழுத்தைக் காட்டுவார். தமிழ் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. பினாங்குக்காரர் விடுவாரா? 1816இல் பினாங்கில் தமிழ்க்கல்வி தொடங்கியதையும், மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருப்பதையும் கூறுவார். சிங்கப்பூரின் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதையும் குறிப்பிடக்கூடும். ‘உங்கள் நாட்டில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி எங்கே?’ என்று மற்றவர் வினவினால் பேச்சு நின்றுவிடும்.

பேச்சு நிற்கும் இந்த இடமே ஏசலின் பயன். ஒருவர் பெருமையாகக் காட்டியதே மற்றவரின் குறையைச் சுட்ட, இருவருமே தத்தம் வீட்டின் வெற்றிடத்தைக் காண்கின்றனர். பள்ளியிருந்தும் ஆட்சிமொழித் தகுதி இல்லை. ஆட்சிமொழித் தகுதியிருந்தும் தமிழ்வழிப் பள்ளி இல்லை. தமிழ்முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒருங்கே கொண்டாடப்பட்ட விழா. அன்று ஒரே விழாவாக இருந்த சமுதாயம் இன்று இரு தேசிய நாள்களைக் கொண்டாடுகிறது. அதில் தவறில்லை, அவரவர் நாட்டுப்பற்று அவரவர்க்குக் கடன். ஆயின், ஒருவர் வரலாற்றை மற்றவர் அறியாத தலைமுறை வளர்ந்தால், ஏசலுக்கு வேண்டிய அறிவு அற்றுப்போய் இகழ்ச்சி மட்டுமே மிஞ்சும்.

பழகிய நண்பர் உரிமையோடு செய்வனவற்றைப் பொறுத்தல் நட்பின் உறுப்பு என்பது பழைமை அதிகாரத்தின் கருத்து. நட்பு நகைத்து மகிழ்வதற்கு மட்டுமன்று, நெறி பிறழும்போது இடித்துரைப்பதற்கும் உரியது என்பது நட்பு அதிகாரத்தின் கருத்து. இவ்விரண்டையும் முக்கூடற்பள்ளோடு சேர்த்துக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரை இரு அணியாக்கி, பினாங்கு வளமும் சிங்கப்பூர் வளமும் பாடச் செய்யலாம். அவ்வாறு செய்யுங்கால் ஒரு விதி வேண்டும்: பினாங்கு மாணவர் சிங்கப்பூரின் பக்கத்தையும் ஒருமுறை பாட வேண்டும். அடுத்தவர் நாட்டின் வளத்தைப் பாடக் கற்ற நா அந்நாட்டை எள்ளலாம், இகழாது.