மணியின் பாட்டும் மக்கள் நாவும்

ஒரு கலைஞன் மறைந்த பின்னர் அவன் கலை வாழ்வதற்கு இரு வழிகள் உண்டு. கருவி காத்து வைத்த குரல் மீண்டும் மீண்டும் ஒலிப்பது ஒரு வழி. கேட்டோர் தம் நாவாலேயே பாடி அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது மற்றொரு வழி. முன்னதை நினைவு எனலாம். பின்னதை மரபு எனலாம். இவ்விரண்டனுள் எது ஒரு பாடகனுக்கு நீண்ட வாழ்வைத் தருகிறது என்பதைக் கலாபவன் மணியின் நாட்டுப்பாடல்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உலகறிந்த சான்று ஒன்றைக் காண்போம். அமெரிக்க நாட்டில் 1970களில் கறுப்பின இளைஞரிடையே தோன்றி வளர்ந்தது 'ராப்' என்னும் பாட்டு வகை. தாளத்தின் மீது சொற்களை அடுக்கிப் பேசுவது போலப் பாடுவதே அதன் இயல்பு. அத்துறையில் பெரும்புகழ் பெற்ற டூபாக் ஷகூர் 1971இல் பிறந்து, துப்பாக்கிக் குண்டுகளுக்கு இலக்காகி, 1996 செப்டம்பர் 13இல் தம் 25ஆம் வயதில் மறைந்தார். அவர் பதிவு செய்து வைத்திருந்த பாடல்கள் அதன் பின்னும் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 2012இல் கலிபோர்னியாவில் நடந்த இசை விழா ஒன்றில் அவருடைய ஒளியுருவையே மேடையில் தோன்றச் செய்தனர். தாயைப் பற்றி அவர் பாடிய பாட்டு, 2010இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிப்பதிவுக் காப்பகப் பட்டியலில் இடம் பெற்றது.

அதே 1971ஆம் ஆண்டின் முதல் நாளில், திருச்சூர் மாவட்டத்துச் சாலக்குடியில் ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர் மணி. ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். பின்னர்க் கொச்சியின் 'கலாபவன்' குழுவில் பல குரல் கலைஞராக விளங்கி, அந்நிறுவனத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1999இல் விநயன் இயக்கிய 'வாசந்தியும் லட்சுமியும் பின்னெ ஞானும்' என்ற படத்தில் பார்வையற்ற பாடகராக நடித்துத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டைப் பெற்றார். அப்படமே 2001இல் விக்ரம் நடிக்கத் தமிழில் 'காசி' ஆயிற்று. 'ஜெமினி'யின் வில்லனாகவும் 'பாபநாச'த்தின் காவலராகவும் தமிழ் மக்கள் அவரை நன்கறிவர். 2016 மார்ச் 6இல், தம் 45ஆம் வயதில் அவர் மறைந்தார்.

டூபாக்கிற்கும் மணிக்கும் மொழியும் நாடும் வேறு. எனினும் வறுமையில் பிறந்து, தம் மக்களின் பேச்சு மொழியையே பாட்டாக்கி, நடுவயதின் எல்லையைக் கடக்குமுன் மறைந்தவர்கள் என்ற வகையில் இருவரும் ஒப்பு நோக்கத்தக்கவர். இவர்களிடையே ஒரு பெரும் வேறுபாடும் உண்டு. ராப் பாட்டில் 'நான்' என்பவன் பாடகனே. அவன் தெரு, அவன் பகை, அவன் தாய் என்று எல்லாம் அவனைச் சுற்றியே அமைவன. பிறர் அதைப் பாடும்போது அது பெரும்பாலும் அவனைப் பின்பற்றிக் காட்டுவதாகவே முடிகிறது. நாட்டுப்பாட்டிலோ 'நான்' என்பவன் யாராகவும் இருக்கலாம். மணியின் புகழ்பெற்ற சந்தைப் பாட்டில் சாலக்குடிச் சந்தைக்குச் செல்லும் வழியில் மீன்காரப் பெண்ணைக் கண்டு மனம் பறிகொடுப்பவன் மணி மட்டும் அல்லன். அதைப் பாடும் ஒவ்வொருவனும் அவனாகி விடுகிறான்.

பாட்டின் கட்டமைப்பும் இதற்குத் துணை செய்கிறது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் அதனை வாங்கித் திருப்பிப் பாடும் முறை வயல் வேலையில் பிறந்த முறை. நம் நடவுப் பாட்டிலும் ஏற்றப்பாட்டிலும் இதனைக் காணலாம். கூட்டத்தின் குரலுக்கு இடம் விட்டுக் கட்டிய பாட்டாதலால், முதற்குரல் மறைந்தாலும் அவ்விடத்தை வேறொரு குரல் ஏற்றுக்கொள்கிறது. வழக்கிலுள்ள எளிய சொற்களால் ஆன செய்யுளுக்குப் 'புலன்' என்று பெயரிட்டு, அதனையும் இலக்கிய வனப்புகளுள் ஒன்றாக வைத்தெண்ணினார் தொல்காப்பியர். புலவர் வகுத்த அந்த இடத்தில் மணியின் பாட்டை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

பாலக்காட்டின் சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் வாழும் தமிழ் மக்கள் இப்பாடல்களை அயல்மொழிப் பாடல்களாகக் கருதுவதில்லை. சந்தை, மீன், பெண் என்று பாட்டின் தலைமைச் சொற்கள் இரு மொழிக்கும் பொதுவானவை. உழைப்பாளியின் பசியும் பரிகாசமும் அவ்வாறே பொது. திருவிழா மேடையில் உள்ளூர் இளைஞர் பாடத் தொடங்கினால், மலையாளத்தை எழுதப் படிக்க அறியாத தோட்டத் தொழிலாளியும் உடன் பாடக் கேட்டிருக்கிறேன். எல்லைக்கல் நிலத்தைப் பிரிக்கும். தாளத்தைப் பிரிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

குறைகளையும் கூறுவதே திறனாய்வின் கடமை. மணி பாடியவற்றுள் கேலிப்பாடல்கள் பல பெண்ணை வேடிக்கைப் பொருளாக்குகின்றன. சில குடியைக் கொண்டாட்டமாக்குகின்றன. மேடைகளில் மிகுதியாக ஒலிப்பன இவையே. தனித்துப் பறக்கும் மின்மினியை விளித்து எங்கே விரைகிறாய் என வினவும் பாட்டில் உள்ள ஏக்கமும், நாள் முழுதும் உழைத்தவனின் வீட்டுத் துன்பத்தைப் பாடும் பாட்டில் உள்ள உண்மையும் கைதட்டலில் அமிழ்ந்து போகின்றன. அன்றியும், ரசிகர் பலர் அவர் பாடலைக் காட்டிலும் அவர் இறப்பைப் பற்றியே மிகுதியாகப் பேசினர். மாநிலக் காவல்துறையும் பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையும் விசாரித்த செய்தி அது. கலைஞனின் சாவு பேசப்படும் அளவிற்கு அவன் சொல் பேசப்படவில்லையெனில் அது அன்பின் குறையே ஆகும்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. சந்தைப் பாட்டையும் மின்மினிப் பாட்டையும் இயற்றியவர் யார் என்று கேட்டால் 'மணி' என்றே பலரும் விடை கூறுவர். அவற்றை இயற்றியவர் திருச்சூர் மாவட்டத்து வெங்கிடங்கு ஊரினரான அறுமுகன். ஏறத்தாழ 350 நாட்டுப்பாடல்களை அவர் இயற்றினார். அவற்றுள் 200 அளவிலானவை மணியின் குரலில் ஒலித்தன. 2023 அக்டோபரில் அவர் மறைந்தபோதுதான் பலர் அவர் பெயரையே முதன்முதலாக அறிந்தனர். பாட்டு மக்களுடையதாகிவிட்டது என்பது பாவலனுக்குப் பெருமையே. ஆயினும் குரலுக்குச் சிலை வைப்போர் எழுதுகோலுக்கு ஒரு வரியேனும் ஒதுக்குதல் அறமன்றோ?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கருவி காத்த டூபாக்கின் குரல் மாறாமல் நிற்கிறது. அவரைக் கேட்ட இளைஞர் பலர் தம் கதையைத் தாமே சொல்லத் துணிந்தனர். ராப்பின் தனிச்சிறப்பு அதுவே. மக்கள் நாவில் வாழும் மணியின் பாட்டோ பாடுவோர் தோறும் புதிதாகிறது. நீண்ட வாழ்வு பின்னதற்கே என்பது என் கருத்து. ஆனால் முன்னதிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளை வேராகக் கொண்டு, தெருக்குரல் அறிவு எழுதிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021இல் உலகெங்கும் ஒலித்தது. ராப்பின் துணிவும் ஒப்பாரியின் மரபும் ஒரு பாட்டில் இணையக் கூடும் என்பதற்கு அதுவே சான்று.

நம் மலைகளிலும் பாடுபொருளுக்குப் பஞ்சமில்லை. 2015இல் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஒன்று திரண்டு ஊக்கத்தொகைக்காகப் போராடினர். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைப் பலி கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். இவற்றை அறிக்கைகளும் கோப்புகளும் காக்கும். ஆனால் கோப்பை ஒருவரும் பாடுவதில்லை.

ஆகவே தமிழன்பர்கள் செய்யத் தக்கவை மூன்று. மணியின் பாட்டைப் பாடும் மேடையில் அறுமுகன் பெயரையும் சொல்க. தோட்டத்து முதியோர் அறிந்த கொழுந்துப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அவர்கள் இருக்கும்போதே எழுதிக் கொள்க. அடுத்த ஆண்டு விழாவில், பிறர் பாட்டோடு நம் இளைஞர் தாமே கட்டிய பாட்டொன்றையும் அரங்கேற்றுக. மறைந்த பாடகனுக்கு மாலையிடுவது ஒரு நாளுக்குரியது. அவனால் ஊக்கம் பெற்று ஒருவன் புதிதாக வாய் திறந்து பாடுவதோ அவன் வாழ்வை நீட்டிப்பதாகும்.