கேமைக் காட்டாத கேம் தொடர்

ஆன்லைன் கேமே கதியென்று கிடக்கும் நண்பர்களைப் பற்றிய காமெடித் தொடர்களில் எனக்கு மிகப் பிடித்தது ‘தி கில்ட்’. ஃபெலிசியா டே எழுதி, கோடெக்ஸ் என்ற நாயகியாகவும் நடித்த அமெரிக்கத் தொடர். டிவிக்காக எழுதிய கதை, 2007-இல் யூடியூபில்தான் வெளிவந்தது. ரசிகர்கள் அனுப்பிய பணத்தின் உதவியோடு முதல் சீசனை முடித்தார்கள். மொத்தம் 6 சீசன் வந்தது.

முதல் சீசனில் இந்த நண்பர்கள் மாய்ந்து மாய்ந்து ஆடும் கேமை நாம் பார்ப்பதே இல்லை. கேமரா அவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. ஹெட்செட், கீபோர்டில் பறக்கும் விரல்கள், இமைக்க மறந்த கண்கள். யார் அடி வாங்கினார்கள், யார் கோபித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்த முகங்களிலேயே தெரிந்துவிடுகிறது. கோடிக் கணக்கில் கொட்டி கிராஃபிக்ஸ் செய்திருந்தால்கூட இவ்வளவு நெருக்கம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். கைக்குழந்தைக்காரி கிளாரா ஆடும் காட்சிகளில் சிரிப்பும் பதைப்பும் சேர்ந்தே வரும்.

கேமில் கோடெக்ஸ் எல்லோருடைய காயத்தையும் ஆற்றுகிறவள். நிஜத்திலோ, கூட்டாளி ஜாபூ சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்கும்போது தவித்துப் போகிறாள். வேறு வழியின்றி கூட ஆடும் மற்றவர்களையும் நேரில் சந்திக்க அழைக்கிறாள். இரவெல்லாம் ஓயாமல் பேசியவர்கள், ஓட்டல் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்ததும் நெளிகிறார்கள். அந்த நெளிவை டே அவசரமாகக் கடந்துவிடுவதில்லை. அவர்கள் யாரையும் கேலிப்பொருளாக்குவதும் இல்லை. அவரும் அப்படி ஆடித் தீர்த்தவர்தான்.